வாத்தியார் பட்டம்

ஓடைக்கு நீர்மாலை எடுக்கக் கிளம்பிய கூட்டம் கொட்டுச் சத்தத்தோடு தெருமுனை திரும்பியதுமே மகாதேவி வீட்டின் பின்பக்கம் ஓடினாள். விதைப்பூண்டு அடுக்கியிருந்த அறையின் கதவை உள்ளங்கையால் அடித்தாள்.

"பிரியா, கதவத் தொற. பேரப்புள்ளைக எல்லாம் குளிச்சு நிக்குது. நெய்ப்பந்தம் புடிக்க ஒன்னையத் தேடுறாங்க."

உள்ளே சாக்கு உரசும் சத்தம் கேட்டது.

"ஏத்தா, ஒன்னையத்தான். தாத்தாவ எடுக்கப் போறாங்க."

"மாமா புள்ளைக ரெண்டும் இருக்குல்லம்மா. அதுக புடிக்கட்டும். என்னைய விட்ரு."

குரலில் அழுகை இல்லை. அழுதிருந்தால்கூட மகாதேவிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். வெள்ளனே அப்பாவின் மூச்சு அடங்கியபோது மகள் கட்டிலின் கால்மாட்டில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சொந்தக்காரர்கள் வரத் தொடங்கியதும் இந்த அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டவள்தான்.

வாசலில் பந்தலுக்குக் கீழே குளிர்பெட்டிக்குள் கிடந்தார் பொன்னுச்சாமி. மலையூரான வில்பட்டியில் அன்றைக்கு இருந்த குளிருக்குப் பெட்டியே வேண்டியதில்லை என்று கிழவிகள் பேசிக்கொண்டார்கள். அண்ணன் ஜெயமுருகன் கேட்கவில்லை. கொடைக்கானலில் இருந்து பெட்டியோடு ஆளுயரத்துக்கு ஒரு பிளக்ஸும் கொண்டுவந்து இறக்கியிருந்தான். 'வாத்தியார்' பொன்னுச்சாமி என்று கொட்டை எழுத்து. அதற்குக் கீழே, 'அரசுப் பணியைத் துறந்து மண்ணை நம்பிய மாமனிதர்'.

காலையிலிருந்து வந்தவர்களுக்கெல்லாம் அவன் அதையே சொல்லிக்கொண்டிருந்தான். அப்பா அந்தக் காலத்து எஸ்.எஸ்.எல்.சி. மதுரைக்குப் போய் வாத்தியார் பயிற்சி படித்தவர். கைக்கு வந்த சர்க்கார் வேலையைத் தூக்கிப் போட்டுவிட்டு, பிறந்த மண்தான் முக்கியம் என்று மலையேறி வந்தவர். உருளைக்கிழங்கும் பூண்டும் போட்டு இத்தனை நிலத்தைச் சேர்த்தவர். பள்ளிக்கூடத்துக்கு இடம் கொடுத்தவர். பிளாஸ்டிக் நாற்காலிகளில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். ஒவ்வொரு தடவை சொல்லி முடித்ததும் அவன் தன் பிள்ளைகள் இருவரையும் முன்னால் இழுத்து, "யாரு பேரப்புள்ளைக நீங்க? நிமிந்து நில்லுங்க" என்று தோளில் தட்டினான். அவர்கள் நிமிர்ந்துதான் நின்றார்கள்.

அவர்கள் நிமிர்ந்து நிற்பதில் மகாதேவிக்கு ஒரு குறையும் இல்லை. தன் மகள் பூண்டு மூட்டைக்கு நடுவில் குன்றிப்போய் உட்கார்ந்திருப்பதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

பிரியா நர்சிங் படிக்க மதுரைக்குப் போன அன்றைக்கு ஊர்ச் சாவடியில் அவளுக்கும் ஒரு பிளக்ஸ் வைத்திருந்தார்கள். இந்தத் தெருவிலிருந்து நர்சிங் போகிற முதல் பெண். வெள்ளைக் கோட்டோடு படம். ஒரு வருஷம் முடிவதற்குள் ஒரு மத்தியானம் பையோடு டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினாள். பாதிப் பாடம் பெயில். கேள்விக்குப் பதில் சொல்ல எழுந்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறதாம். பின்னால் சிரிக்கிறார்களாம். மலைப் பேச்சைப் பேசிக் காட்டுகிறார்களாம். இனி போக மாட்டேன் என்றாள். மகாதேவியின் புருசன் வேல்ராஜ் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய் ஏற்றிப்போகும் வண்டி ஓட்டுகிறவன். "சரி, கொஞ்ச நாள் போகட்டும்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அதே வீட்டில் இருந்த பொன்னுச்சாமி அப்படி விடவில்லை. கட்டிலில் கம்பளியைச் சுற்றிக்கொண்டு, சளி கட்டிய குரலில் சொன்னார்:

"நம்ம வம்சத்துல பாதியில திரும்பி வந்தவங்க யாரும் கெடையாது."

தோசைக்கரண்டியோடு அடுப்படி வாசலில் நின்ற மகாதேவி, என்னவோ சொல்ல வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். கல்லில் தோசை தீய்ந்தது.

அப்பாவே பாதியில் திரும்பி வந்தவர்தான். அது அவளுக்குத் தெரியும். அவள் பத்தாம் வகுப்பில் தோற்று, கிணற்றைக் கிணற்றைப் பார்த்துக்கொண்டு நின்ற நாட்களில் அம்மா சின்னத்தாயி அவளைக் களையெடுக்கக் கூட்டிக்கொண்டு போனாள். ஆளில்லாத பாத்தியில் குனிந்தபடியே, "ஒங்கப்பன் மட்டும் என்ன கிழிச்சாருன்னு நெனைக்கிற?" என்று ஆரம்பித்துப் பூராவும் சொன்னாள். சொல்லி முடித்ததும், "வெளிய விட்ராத. மனுசன் தாங்க மாட்டாரு" என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கினாள். மகாதேவி அன்று இராத்திரி வயிறு நிறையச் சாப்பிட்டாள். அம்மா செத்து வருஷங்கள் ஆகியும் அந்தச் சத்தியம் மட்டும் அவள் கையிலேயே கிடந்தது.

அதனால் அப்பாவிடமே போனாள். வெந்நீர் கொடுக்கும்போது, முதுகு தேய்த்துவிடும்போது, யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துக் கேட்டாள்.

"அப்பா, நீங்க கொட்டாயில இருந்த கதைய பிரியாகிட்டச் சொல்லுங்களேன். நீங்க சொன்னாத்தான் அவளுக்கு ஒறைக்கும்."

அவர் மகளை ஏற இறங்கப் பார்த்தார். "வெந்நி ஆறிப்போச்சு" என்றார்.

இன்னொரு நாள் கேட்டபோது காது கேட்காத மாதிரி இருந்தார். அடுத்த தடவை கோபம் வந்து கம்பளியைத் தலைவரைக்கும் இழுத்துக்கொண்டார். நேற்றுச் சாயங்காலம் மட்டும், என்ன தோன்றியதோ, பேத்தியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். அவள் வந்து நின்றாள்.

"சாப்ட்டியா?"

"ம்."

அவர் உதடு அசைந்தது. ஏதோ வரப்போகிறது என்று மகாதேவி சுவரோரம் ஒதுங்கி நின்றாள். இருமல்தான் வந்தது. இருமி முடிந்தபோது பேத்தி போய்விட்டிருந்தாள். அவரும் கண்ணை மூடிக்கொண்டார். செத்துப்போன மனுசன்மேல் கோபப்படக் கூடாது என்று காலையிலிருந்து மகாதேவி தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். கோபம் அதைக் காதில் வாங்கவில்லை.

போதாததற்குச் செண்பகனூரில் இருந்து வந்த சின்ன அத்தை, இந்த அறை ஜன்னலுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு, "புள்ள மூட்டையக் கட்டிக்கிட்டு வந்த நேரம், பெரியவரு படுத்துட்டாரு" என்று யாரிடமோ சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

கூட்டம் ஓடையிலிருந்து திரும்புவதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும். மகாதேவி பந்தலுக்குப் போய்த் தங்கமுத்துவைக் கையைப் பிடித்து எழுப்பினாள். அப்பாவோடு பள்ளிக்கூடம் போனவர், பங்காளி முறை. நடந்தால் முழங்கால் கடகடக்கும். குல்லாயைக் காதுவரை இழுத்துவிட்டு, "எங்க தாயி கூட்டிட்டுப் போற?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். பூண்டு அறை வாசலில் கவிழ்த்துக் கிடந்த காய்ப்பெட்டியில் அவரை உட்காரவைத்தாள்.

"சித்தப்பா, அப்பா மதுரையில இருந்து ஓடியாந்தது ஒங்களுக்குத் தெரியுமில்ல?"

தங்கமுத்துவின் கண் ஒரு நிமிஷம் சுருங்கியது. "அதெல்லாம் எதுக்கு இப்ப?"

"உள்ள எம்மக இருக்கா. அவளுக்குக் கேக்குற மாதிரி அத மட்டும் சொல்லுங்க. போதும்."

"செத்தவன் வாசல்ல கெடக்கான். இந்த நேரத்துல அவன் மானத்தப் பேசச் சொல்றியா?"

"மானம் போற விசயம் இதுல என்ன இருக்கு சித்தப்பா?"

"எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல" என்றார் தங்கமுத்து. மூக்கை உறிஞ்சிக்கொண்டு மடியில் வெற்றிலைப் பையைத் தேட ஆரம்பித்தார்.

மகாதேவிக்கு அந்தப் பையைப் பிடுங்கி எறியலாம் போல இருந்தது. உயிரோடு இருந்தவர் சொல்லாமல் போய்ச் சேர்ந்தார். உயிரோடு இருக்கிறவருக்கு ஞாபகம் இல்லையாம். தெருமுனையில் கொட்டுச் சத்தம் நெருங்கிக்கொண்டிருந்தது.

ஜெயமுருகன் ஈர வேட்டி காலில் ஒட்ட, நேராகப் பின்பக்கம் வந்தான்.

"இங்க என்ன சோலி ஒனக்கு? வெரசா வரச் சொல்லு அவள. மழை இறங்குற மாதிரி கெடக்கு."

"வரமாட்டேங்கிறா."

"வரமாட்டேங்கிறாளா?" அவன் கதவை ஓங்கித் தட்டினான். "ஏ பிரியா! தாத்தா பேரத்தான் காப்பாத்த முடியல ஒன்னால. பந்தமாவது வந்து புடி."

"அண்ணே, சும்மா இரு."

"நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்? எப்பேர்ப்பட்ட மனுசன் அவரு. கெடச்ச வேலையத் தூக்கிப் போட்டுட்டு..."

"கெடைக்கலண்ணே."

அவன் திரும்பிப் பார்த்தான்.

"அப்பாவுக்கு வேலையே கெடைக்கல. ட்ரெய்னிங்கே முடிக்கல. பாதியில ஓடியாந்துட்டாரு." தன் குரல் இவ்வளவு சத்தமாக வரும் என்று மகாதேவி நினைக்கவில்லை. பந்தலில் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்களில் சிலர் நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள். அவள் அண்ணனை விட்டுவிட்டுக் கதவைப் பார்த்து நின்றுகொண்டாள். "பிரியா, கேட்டுக்க. ஒங்க தாத்தாவ ஊரே கொட்டடிச்சு, கொடைக்கானல் வரைக்கும் நடந்து போயி பஸ் ஏத்தி விட்டுச்சு. அங்க போயி கரும்பலகைக்கு முன்னால நின்னா அவருக்கு வாய் தெறக்கல. மலைக்காரன் பேச்சுன்னு சிரிச்சாங்க. பரிச்சையில போச்சு. ஒருநா ராத்திரியில பெட்டியக்கூட எடுக்காம கெளம்பிட்டாரு. பஸ்ஸுல மேல வந்தா ஆளுக பாப்பாங்கன்னு பெரியகுளத்துல எறங்கி, அடுக்கம் வழியா காட்டுக்குள்ளயே நடந்து ஏறுனாரு. வீட்டுக்கு வர மொகமில்லாம நம்ம பூண்டுக் கொட்டாயில ஒளிஞ்சு கெடந்தாரு. அவங்கம்மா மட்டும் முந்தானைக்குள்ள சோறு கொண்டு போயி குடுத்திருக்காங்க."

"நிறுத்துடி!" ஜெயமுருகனின் முகம் கறுத்துப்போனது. "பொணம் இன்னும் எந்திரிக்கல. ஒம்மக பெயிலானதுக்கு எங்கப்பா மேல பழி போடுறியா?"

"எனக்கும் அவருதாண்ணே அப்பா."

"புள்ளைகளுக்குப் பெருமையத்தான் சொல்லணும். அப்பத்தான் அதுக தலை நிமிந்து நடக்கும். இதக் கேட்டா என் புள்ளைக தாத்தாவ என்னன்னு நெனைக்கும்?"

"நிமிந்து நடக்குற புள்ளைக்கு நீ சொல்றது சரிதான். கீழ விழுந்து கெடக்குற புள்ளைக்கு என்னத்தச் சொல்ல? நம்ம வீட்ல யாருமே விழுந்ததில்ல, நீ ஒருத்திதான்னு சொல்லவா?"

"பொய்யி. எல்லாம் பொய்யி. யாரு சொன்னா ஒனக்கு?"

"பூண்டுக் கொட்டாய் இல்ல."

சொன்னது தங்கமுத்து. தலையைத் தூக்காமல், வெற்றிலையின் காம்பைக் கிள்ளிக்கொண்டே சொன்னார்.

"அப்ப யாரு இங்க பூண்டு போட்டா? உருளைக்கெழங்குக் கொட்டாயி. சாக்கு எடுக்கப் போனேன். மூலையில தாடியும் மீசையுமா உக்காந்திருக்கான். எனக்குச் சிரிப்புத் தாங்கல. 'ஏலே, வாத்தியாரு இங்கதான் பள்ளிக்கூடம் நடத்துறாருடா'ன்னு ஊருக்கே கேக்குற மாதிரி கத்திப்புட்டேன். அன்னைக்கு வந்த பேருதான் வாத்தியாரு. கேலிக்கு வச்ச பட்டம்."

பந்தலில் எரிந்துகொண்டிருந்த ஊதுபத்திப் புகை இந்தப் பக்கமாக வந்தது.

"அடிக்க வந்தான் என்னைய. ரொம்ப நாள் பேசல. பெறகு கெழங்கு பறிப்பு வந்துருச்சு, ஆளு பத்தல. 'வாத்தியாரே, மூட்டையப் புடி'ன்னேன். மொறைச்சான். ஆனாலும் புடிச்சான். அம்புட்டுதான். அப்பறம் அவன் பெரியாளாயிட்டான். கேலியா கூப்புட்டவங்கள்லாம் மரியாதையா கூப்புட ஆரம்பிச்சுட்டாங்க. பேரு அதேதான்."

வெற்றிலையை வாயில் திணித்துக்கொண்டு, இனிமேல் கொஞ்ச நேரத்துக்குத் தன்னிடம் யாரும் எதுவும் கேட்க முடியாதபடி செய்துகொண்டார்.

ஜெயமுருகன் சுவரில் கையை ஊன்றி நின்றான். வேட்டியிலிருந்து ஓடைத்தண்ணீர் சொட்டி அவன் காலடியில் தேங்கியது. மகாதேவி அவனிடம் இன்னும் ஒரு சண்டையை எதிர்பார்த்திருந்தாள். ஆனால் அவன் குரல் இறங்கியிருந்தது.

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"அம்மா சொன்னாங்க."

"எனக்கு ஏன் சொல்லல? நாந்தான மூத்தவன்?"

அவள் தெரிந்ததைச் சொன்னாள்.

"நீதான் எதுலயும் பெயிலாகலையேண்ணே."

அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பந்தலுக்குப் போய்விட்டான்.

கதவுக்குப் பின்னாலிருந்து பிரியாவின் குரல் வந்தது. "குளிருக்கு என்னம்மா செஞ்சாரு?"

"யாரு?"

"தாத்தா. கொட்டாயில."

மகாதேவி இதை அம்மாவிடம் கேட்டதே இல்லை. தங்கமுத்துவைப் பார்த்தாள். அவர் வாயைத் திறக்காமல் இரண்டு கைகளாலும் எதையோ தலைக்கு மேலே இழுத்து மூடிக்கொள்கிற மாதிரி காட்டினார்.

"சாக்கு மூடிக்கிட்டுப் படுத்திருக்காரு போல."

உள்ளே ஏதோ சத்தம். சிரிப்பா, தேம்பலா என்று பிரித்தறிய முடியவில்லை. அது நீண்டுகொண்டே போனது. தப்புப் பண்ணிவிட்டோமோ, சொன்ன நேரம் சரியில்லையோ என்று மகாதேவி கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். கடைசியில் தாழ் விலகியது. தலையில் பூண்டுச் சருகு ஒட்டியிருக்க, மூக்கும் கண்ணும் சிவந்து, மகள் வெளியே வந்தாள். அம்மாவைப் பார்க்கவில்லை. நேராகத் தொட்டிக்குப் போய், ஐஸ் மாதிரி இருந்த தண்ணீரைச் செம்பு செம்பாகத் தலையில் ஊற்றிக்கொண்டாள்.

பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடித்துச் சுற்றி வந்தார்கள். ஜெயமுருகனின் மகளுக்குப் பின்னால் பிரியா வந்தாள். ஈரத் துணியில் பல் கிட்டித்தது. தாத்தாவின் முகத்துக்கு நேராக வரும்போது மட்டும் அவள் நடை மெதுவானது. நின்று பார்த்தாள். பின்னால் வந்தவர்களும் நிற்க வேண்டியதாயிற்று. "நட ஆத்தா, நட" என்றார் யாரோ. ஜெயமுருகன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

வெடிச் சத்தத்தோடு பாடைத்தேர் கிளம்பியது. பெண்கள் தெருமுனைவரை போய்த் திரும்பினார்கள். மகாதேவி வீட்டைக் கழுவிவிட்டாள். அப்பா படுத்திருந்த கட்டிலை வெளியே எடுத்துப் போட்டாள். கம்பளியை முறுக்கிப் பிழிந்தபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது. அதையும் நிம்மதியாக அழவிடாமல், விளக்குக்குத் திரி எங்கே, பித்தளைத் தட்டு எங்கே என்று ஆளுக்கொன்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

சுடுகாட்டுக்குப் போனவர்கள் இருட்டுவதற்கு முன்னாலேயே திரும்பினார்கள். மொட்டைத் தலையோடு ஜெயமுருகனைப் பார்க்க யாரோ மாதிரி இருந்தது. காலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு அவளைக் கடக்கும்போது, தணிந்த குரலில் சொன்னான்:

"ஒனக்கு இப்ப சந்தோசந்தான? சுடுகாட்டுல அத்தன பேரும் கொட்டாய் கதையத்தான் பேசுறான். பதினாறு முடியட்டும். பெறகு நான் இந்த வாசல மிதிக்கிறனான்னு பாரு."

அவன் வைத்த செம்பை மகாதேவி எடுத்து ஓரமாக வைத்தாள். சொல்லவேண்டிய நேரத்தில் அப்பா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இது எதுவும் நடந்திருக்காது. அதை இவனிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? மகளும் இதுவரை அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கல்லூரியைப் பற்றி, திரும்பிப் போவதைப் பற்றி, எதைப் பற்றியும் இல்லை. அவளே கேட்கலாம். கேட்டால் மறுபடியும் கதவைச் சாத்திக்கொள்வாளோ என்று பயமாக இருந்தது.

பக்கத்து வீட்டிலிருந்து தூக்குவாளியில் கடுங்காப்பி வந்தது. பந்தலில் எல்லோரும் குளிரில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். யாரிடம் கொடுத்துவிடுவது என்று மகாதேவி சுற்றிப் பார்ப்பதற்குள், பிரியா டம்ளர்களைத் தட்டில் அடுக்கி ஊற்றிக்கொண்டிருந்தாள். ஊற்றி, தட்டைத் தூக்கிக்கொண்டு அத்தனை பேருக்கும் நடுவில் இறங்கிப் போனாள். சின்ன அத்தை எடுத்தாள். தங்கமுத்து எடுத்தார். வேல்ராஜ் மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டே எடுத்தான்.

கடைசி வரிசையில் ஜெயமுருகன் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். பிரியா தட்டை அவன் முன்னால் நீட்டினாள். அவன் நிமிரவில்லை. அவளும் நகரவில்லை. காப்பியின் ஆவி இரண்டு பேருக்கும் நடுவில் ஏறிக்கொண்டிருந்தது.

"சீனி போட்டிருக்கா?" என்றான் அவன், தரையைப் பார்த்தபடியே.

"போட்டிருக்கு மாமா. சூடு ஜாஸ்தி, மேல புடிச்சு எடுங்க."

அவன் விளிம்பைப் பிடித்து ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டான். பிரியா அடுத்த நாற்காலிக்கு நகர்ந்தாள்.